மாத்திரையிலிருந்து ஊசிக்கு

"ஊசி வரைக்கும் போய்விட்டதா?" என்று புதுச்சேரி முத்தியால்பேட்டை கடைத்தெருவில் துக்கம் விசாரிப்பதுபோல் கேட்கிறார்கள். இன்சுலின் என்றாலே முற்றிய நிலை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. சர்க்கரை நோய்க்குப் பல வருடம் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு இரவு ஊசிக்கு மாறியவன் நான். என்னை அதிகம் படுத்தியது மாத்திரைதான்.

மெட்ஃபார்மின் மாத்திரையைச் சொல்லவில்லை. விலை மலிவு, தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையைத் தடாலென்று இறக்குவதும் அபூர்வம். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கியது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியதும் அடங்கியது. அந்த வகையில் சிலவற்றின் வெற்றுக் கூடு மலத்தில் அப்படியே வந்து விழும். மருந்து உள்ளே இறங்கியிருக்கும், பயம் வேண்டாம். வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்தியது கிளிமிபிரைடு. சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும் மருந்து அது. கடலூர் போய்த் திரும்பும் பஸ் நெரிசலில் சிக்கி மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் போதும், கை நடுங்கும், சட்டை நனைந்துவிடும். இன்னொரு மாத்திரையான வில்டாகிளிப்டின் சாது, 2019 இறுதியில் காப்புரிமை முடிந்து விலை விழுந்த பிறகுதான் எனக்குக் கட்டுப்படியானது. இத்தனைக்கும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி இறங்கவில்லை. டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்தி இரவில் கிளார்ஜின் என்ற இன்சுலினை எழுதினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது.

இன்சுலின் பேனாவின் ஊசி 4 மி.மீ. நீளம்தான். விரல் நுனியில் ரத்தம் எடுப்பது இதைவிட வலிக்கும். முதலில் 2 யூனிட்டை வெளியே தள்ளி, முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். போட்டபின் பத்து எண்ணி உருவ வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் தோலடியில் கட்டி தட்டும், மருந்து ஒழுங்காக ஏறாது. குப்பியில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மி.லி.க்கு 40 யூனிட் என்ற குப்பிக்கு 40 என்று போட்ட சிரிஞ்சு, 100க்கு 100 என்று போட்டது. மாற்றி எடுத்தால் அளவே தலைகீழாகிவிடும்.

இன்சுலினை வைக்கும் பிரிட்ஜ்தான் எல்லோருடைய கவலையும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்தபோது மின்சாரம் போய்விட்டது. பயன்பாட்டில் இருக்கும் கிளார்ஜின் பேனா 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. திறக்காததை ஈரம் படாமல் கட்டி, மண்பானைக்குள் வைத்தேன். சித்திரையில் நம் ஊர் வீடு 30 டிகிரியில் எங்கே நிற்கிறது? அப்போது திறந்த பேனாவுக்கும் பானைதான்.

எடை கொஞ்சம் ஏறியது உண்மை. அதற்காக டாக்டர், சர்க்கரையோடு எடையையும் குறைக்கும் செமாகுளூட்டைடு என்ற மருந்தின் பேச்செடுத்தார். வாரம் ஒரு ஊசி, அல்லது தினம் ஒரு மாத்திரை. மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் அரை டம்ளருக்கு மேல் போகாமல் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் காபிகூடக் கூடாது. விலையையும் கேட்டுவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.