வேலையை விட்டு எழுதுவதா, வேலையில் இருந்தபடி எழுதுவதா?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் எழுத்தைத் தொழிலாக்க இரண்டு வழிகள் உண்டு. வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாம். அல்லது வேலையில் இருந்துகொண்டே மாலையிலும் சனிக்கிழமையிலும் எழுதலாம். எது பொருந்தும் என்பதை எழுத்துத் திறமையை வைத்து முடிவு செய்ய முடியாது. பணம் எவ்வளவு தாமதமாகக் கைக்கு வருகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

சம்பளம் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதியில் உங்கள் பங்கு 11 விழுக்காடு. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது மாதம் 520 ரிங்கிட் போடுகிறார். ஆண்டுக்கு 6,240. வேலையை விட்டால் அது அப்படியே நின்றுபோகும். சுயதொழில் செய்வோருக்கான ஐ-சாரான் திட்டத்தில், 2025 முதல் நீங்கள் போடும் தொகையில் 20 விழுக்காட்டை அரசு தருகிறது, ஆனால் ஆண்டுக்கு 500 ரிங்கிட்தான் உச்சம். அதை முழுதாகப் பெற 2,500 போட்டால் போதும், தவறாமல் போடுங்கள். ஆனாலும் 6,240 எங்கே, 500 எங்கே! தானாக ராஜினாமா செய்தவருக்கு, சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலையிழப்புக் காப்புறுதியும் கிடையாது. மருத்துவ அட்டை (மருத்துவக் காப்புறுதி), இணையம், மின்சாரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், 4,000 ரிங்கிட் சம்பளத்தில் வாழ்ந்த வாழ்க்கைக்கு மாதம் 5,000க்காவது இன்வாய்ஸ் போட வேண்டியிருக்கும்.

அந்த இன்வாய்ஸும் உடனே பணமாகாது. ஜனவரியில் எழுதுவீர்கள். திருத்தமெல்லாம் முடிந்து மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போவது வழக்கம். விளம்பர நிறுவனத்துக்கு எழுதினால், அது தன் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிய பிறகுதான் உங்களுக்குத் தரும். 30 நாள் என்றது 60 நாளாகி, மார்ச் கடைசியில் வந்து சேரும். முழுநேரமாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் திணறுகிறார்கள். ஆறு மாதச் செலவுப் பணம் கையில் இல்லாமல் இறங்கினால், மூன்றாம் மாதத்தில் எந்த விலைக்கும் சரியென்று தலையாட்ட நேரும். ஒருமுறை குறைத்த விலையை அதே வாடிக்கையாளரிடம் மறுபடி ஏற்றுவது மிகக் கடினம்.

மாலை நேர வழியில் சம்பளம் இந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்கிறது. அங்கே பற்றாக்குறை நேரத்தில்தான். வார நாளில் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை ஐந்து என்றால் வாரத்துக்கு 15 மணி நேரம். பேட்டியும் தகவல் சரிபார்ப்பும் சேர்ந்த 800 சொல் கட்டுரை ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ஆக வாரம் இரண்டு கட்டுரைக்கு மேல் முடியாது. அதோடு, பேட்டி தருபவர் அலுவலக நேரத்தில்தான் பேசுவார். “இன்று ஐந்து மணிக்குள் மாற்றித் தாருங்கள்” என்ற செய்தி காலை பதினொன்றுக்கு வரும். ஆகவே விளம்பர நிறுவன வேலை மாலை எழுத்தாளருக்குச் சரிப்படாது. கெடு நீளமான வேலைகளே தோது: மொழிபெயர்ப்பு, பயிற்சி நூல், ஆண்டு மலர், கையேடு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த பொறியியலாளருக்குத் தொழில்நுட்பக் கையேடு எழுதுவதில் மற்றவருக்கு இல்லாத பலம் உண்டு. அந்தப் பக்கம் முயல்வதே நல்லது.

நம்மவருக்கு மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் கைவசம் இருப்பதால் மொழிபெயர்ப்பே முதலில் வருமானம் தரும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், மலாய் மூலத்தைவிடத் தமிழில் சொல் எண்ணிக்கை குறையும். தமிழ்ச் சொல்லுக்கு விலை பேசினால் உழைப்பில் ஒரு பங்கு இலவசமாகிவிடும். மூலத்தின் சொல்லுக்கே விலை பேசுங்கள். அச்சுப்படி பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கேளுங்கள். வடிவமைப்பாளர் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத அலுவலகத்தில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உரிமை விஷயம் இரு வழிக்கும் பொது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கேட்டு எழுதவைத்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கே போய்ச் சேரும். கட்டுரையைப் பின்னால் தொகுப்பில் சேர்க்க எண்ணினால் முதல் மின்னஞ்சலிலேயே அதை எழுதி வாங்குங்கள். பாதிப் பணம் முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம் மட்டும் என்பதும் அதே மின்னஞ்சலில் இருக்கட்டும். பணம் வராமலே போனால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் 198ஆம் பாரத்தில் தாக்கல் செய்யலாம். அப்போது அந்த மின்னஞ்சல்தான் சான்று.

பதிவும் அப்படியே. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள், தொழில்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. அதன்பின் வருமான வரிக்குச் சம்பளக்காரரின் பிஇ பாரம் அல்ல, தொழில் செய்வோரின் பி பாரம். கெடு ஏப்ரல் 30 அல்ல, ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். மாலை நேர வழியில் மட்டும் கூடுதலாக ஒரு தடை உண்டு: வெளிவேலை கூடாது என்ற விதி நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் உள்ளிட்ட அரசு ஊழியர் துறைத் தலைவரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எழுதிச் சம்பாதிக்கக் கூடாது.

இழப்பீட்டுத் தொகையோடு ஆட்குறைப்பில் வெளியே வந்தவர் முழுநேரமாக இறங்கலாம், நேரமும் பணமும் இரண்டும் கையில் இருக்கின்றன. மற்றவர்களுக்கு மாலை நேர வழியே சரி. எழுத்து வருமானம் ஆறு மாதம் தொடர்ந்து சம்பளத்தில் பாதியைத் தொட்டு, அதுவும் குறைந்தது மூன்று வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், ராஜினாமாவை யோசிக்கலாம். ஒருவரை மட்டும் நம்பினால் அவர் நிறுத்தும் நாளில் எல்லாம் நின்றுவிடும்.

வீட்டுக் கடனோ கார் கடனோ தேவைப்பட்டால் ராஜினாமாவுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வங்கி சம்பளக்காரரிடம் பொதுவாகச் சில மாதச் சம்பளச் சீட்டுதான் கேட்கும். சுயதொழிலாளரிடம் பதிவுச் சான்று, பி பாரம், பல மாத வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கும். மருத்துவ அட்டையை நிறுவனத்தின் காப்புறுதி முடியுமுன் சொந்தப் பெயரில் எடுத்துவிடுங்கள், தொடக்கக் காத்திருப்புக் காலம் அதற்குள் கழிந்துவிடும். முன்னறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு 4 வாரம், ஐந்துக்குக் குறைந்ததற்கு 6, அதற்கு மேல் 8 வாரம். அந்த வாரங்களில் புது வேலை ஏதும் ஏற்காமல், நிலுவை இன்வாய்ஸ்களை வசூலித்து முடியுங்கள்.