சூரிச்சிலிருந்து மிலானுக்குக் காரில்: கோத்தார்டா, சான் பெர்னார்டினோவா?

சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டித் தெற்கே போக இரண்டு நெடுஞ்சாலைகள்: கோத்தார்ட், சான் பெர்னார்டினோ. இரண்டிலும் கீழே ஒரு சுரங்கம், மேலே ஒரு கணவாய். வழிகாட்டிச் செயலியிடம் கேட்டால் யோசிக்காமல் கோத்தார்டைக் காட்டும். சுமார் 280 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் மூன்றரை மணி நேரம். சான் பெர்னார்டினோ வழி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்று. மிலானுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்கள் கோத்தார்டிலேயே போகட்டும். நடுவில் நாலு இடத்தில் இறங்கி, காலை நீட்டி, எதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோத்தார்டில் ஐந்தாறு தடவை போனவன், கடைசி மூன்று பயணங்களாக சான் பெர்னார்டினோவுக்கு மாறிவிட்டேன்.

செலவில் வித்தியாசம் இல்லை. 40 பிராங்க் வின்யெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) இரண்டு வழிக்கும் வேண்டும், இரண்டு சுரங்கத்துக்கும் தனிக் கட்டணம் கிடையாது. பெலின்சோனாவுக்குப் பக்கத்தில் இரண்டு சாலையும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. அங்குள்ள மூன்று கோட்டைகளும் அதன் பிறகு வரும் லுகானோ ஏரியும் எப்படிப் போனாலும் கிடைக்கும். (காஸ்டெல்கிராண்டே கோட்டைக்குப் பாறைக்குள்ளேயே லிஃப்ட் இருக்கிறது. முட்டி வலிக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.) ஆக, ஒப்பிட வேண்டியது பெலின்சோனா வரைக்கும்தான்.

கோத்தார்ட் பக்கத்தைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ப்ரூனனிலிருந்து ஃப்ளூலன் வரை ஊரி ஏரியை ஒட்டிப் போகும் ஆக்சன் சாலையில் பக்கத்தில் உட்காருபவருக்குத்தான் யோகம். ஓட்டுகிறவருக்கு வளைவும் லாரியும்தான் தெரியும். அதைத் தாண்டி ஷூலனன் பள்ளத்தாக்கில் பிசாசுப் பாலம். ஆற்றின் மேல் யாராலும் பாலம் கட்ட முடியாமல் போக, முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்று பேரம் பேசிப் பிசாசு கட்டிக் கொடுத்ததாம். ஊரிக்காரர்கள் ஓர் ஆட்டை ஓட்டிவிட்டார்கள். ஏமாந்த பிசாசு பாலத்தை உடைக்கத் தூக்கி வந்த பாறை கோஷெனனில் இன்னும் கிடக்கிறது. 1970களில் நெடுஞ்சாலை போட்டபோது அந்தப் பாறையையே நகர்த்தி வைத்தார்கள். 1799இல் தளபதி சுவோரவின் ரஷ்யப் படை பிரெஞ்சுக்காரர்களோடு மோதிய இடமும் இதுதான். பாறையில் குடைந்த நினைவுச்சின்னம் இருக்கிறது. இன்னும் மேலே 2,100 மீட்டர் உயரத்தில் கணவாய். அதன் தெற்குச் சரிவில் கருங்கல் பாவிய த்ரெமோலா பழைய சாலை, கொண்டை ஊசி மேல் கொண்டை ஊசியாக அய்ரோலோ வரை இறங்குகிறது. அழகுப் போட்டி வைத்தால் கோத்தார்ட்தான் ஜெயிக்கும்.

ஆனால் நின்று பார்ப்பதற்கு அழகு மட்டும் போதாது. இறங்கினால் திரும்ப ஏற முடியுமா என்பதுதான் கேள்வி.

கோத்தார்ட் சுரங்கம் 16.9 கிலோமீட்டர். 1980இல் திறந்தது. ஒரே குழாய், போக ஒரு தடம், வர ஒரு தடம். ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, கோடை விடுமுறைச் சனிக்கிழமை என்றால் வடக்கு வாசலில் பத்து கிலோமீட்டருக்கு வரிசை நிற்பது சர்வசாதாரணம். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று ஒரு மனக்கணக்கு உண்டு. வானொலியில் பத்து கிலோமீட்டர் என்றால் நூறு நிமிடம் போச்சு. அந்த வரிசையில் நிற்கும்போது, பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாருக்குத் தோன்றும்? வரிசையில் பிடித்த இடத்தை விட்டுப் போக மனசு வராது. மனசு வந்தாலும் இன்னொரு சிக்கல். வரிசை நீண்டால் கோஷெனன், வாசன் ஊர்களில் நெடுஞ்சாலைக்கு ஏறும் பாதைகளை மூடிவிடுகிறார்கள். ஊருக்குள் புகுந்து குறுக்கு வழியில் முன்னால் போவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. உள்ளூர்க்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது, தொல்லை நமக்கு. மேலே கணவாய் வழியாகப் போகலாமே என்றால், அது மே கடைசி வாக்கில்தான் திறக்கும். ஈஸ்டரில் பனி மூடிக் கிடக்கும். அப்போது பிசாசுப் பாலம் ஒரு முட்டுச்சந்து.

ஒரு புனித வெள்ளியன்று இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். எர்ஸ்ட்ஃபெல்டைத் தாண்டியதும் வரிசை. பின்னிருக்கையில் ஐந்து வயதுப் பையன், அவசரம். காலித் தண்ணீர் பாட்டில்தான் கைகொடுத்தது. புளியோதரையைக் காருக்குள்ளேயே டப்பாவிலிருந்து தின்றோம். அன்று நாங்கள் கண்ட இயற்கைக் காட்சி முன்னால் நின்ற டச்சு கேரவனின் முதுகு. இரண்டாவது குழாய் தோண்டுகிறார்களே, அப்புறம் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். அது வந்த பிறகும் ஒரு திசைக்கு ஒரே தடம்தான். 2016இல் வாக்கெடுப்புக்கு விட்டபோதே அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சான் பெர்னார்டினோ வழியில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே பழைய சாலை கூடவே வருகிறது. தூசிஸில் ஒரு தடவை இறங்கினால் போதும். வியாமாலா, சில்லிஸ், ஆண்டேர், ரோஃப்லா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், அலுத்த இடத்தில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். நான்குமே சுரங்கத்துக்கு வடக்கில், கணவாய்க்கு வெகு கீழே. மேலே பனி கிடந்தாலும் சாலை திறந்திருக்கும்.

வியாமாலா என்பது 'பின் ரைன்' (Hinterrhein) என்ற ஆறு அறுத்த பிளவு. சுவர் முந்நூறு மீட்டர் உயரம், அடியில் சில இடங்களில் சில மீட்டர்தான் அகலம். 359 படி இறங்க வேண்டும், அதே 359ஐ ஏறவும் வேண்டும். கூட வந்த அத்தை கைப்பிடிக் கம்பியிலிருந்தே எட்டிப் பார்த்து, "நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

அவருக்கானது சில்லிஸில் இருந்தது. சாலையோரத்தில் சின்னதாக செயின்ட் மார்ட்டின் தேவாலயம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே மரக்கூரையில் 12ஆம் நூற்றாண்டில் தீட்டிய 153 சதுரப் பலகைகள். கழுத்து ஒடியாமல் பார்க்கக் கையில் பிடிக்கும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதைத் தாம்பாளம் ஏந்துவதுபோல் வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தால் கூரை கைக்குள் வந்துவிடுகிறது. நடுவில் ஏசுவின் கதை, ஓரத்தில் சுற்றிலும் கடல். அந்தக் கடலில் மிருகத் தலையும் மீன் வாலுமாகப் பிராணிகள். அத்தை ஒன்றை நிறுத்திப் பிடித்து, "இது நம்ம மகரம்ல?" என்றார். அரை மணி நேரம் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. பையனுக்கு அந்தக் கண்ணாடியில் தன் மூக்குத் துவாரத்தைப் பார்ப்பதில்தான் ஆர்வம்.

ரோஃப்லாவில் அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். அமெரிக்கா போய் நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய விடுதிக்காரர் ஒருவர், வாடிக்கையாளர் வற்றிப்போன தன் விடுதியைக் காப்பாற்ற, 1907 முதல் ஏழு குளிர்காலம் வெடிவைத்துப் பாறையைக் குடைந்து போட்ட பாதை அது. சுரங்கத்துக்குத் தெற்கே மெசோக்கோ கோட்டை. இடிபாடுதான், ஆனால் அடிவாரத்துச் சிறு தேவாலயத்தில் பன்னிரண்டு மாதங்களையும் காட்டும் சுவரோவியத்துக்காகவே நிற்கலாம்.

குறையும் உண்டு. பல இடங்களில் ஒரு திசைக்கு ஒரே தடம், ஒரு கேரவன் மாட்டினால் அதன் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். கோத்தார்டில் வழிந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பும் நாட்களில் இங்கேயும் நெரிசல். 2024 ஜூனில் மெசோக்கோ பக்கம் வெள்ளம் நெடுஞ்சாலையில் இருநூறு மீட்டரையே அடித்துக்கொண்டு போனது. இரண்டே வாரத்தில் திறந்துவிட்டார்கள் என்றாலும், மழைக்காலத்தில் கிளம்புமுன் சாலைச் செய்தியைக் கேட்டுக்கொள்வது நல்லது. வியாமாலாவைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூடக் குழந்தையோ பெரியவரோ இல்லை என்றால் நானே கோத்தார்ட் கணவாய்க்குத்தான் வண்டியைத் திருப்புவேன், த்ரெமோலாவுக்காக.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: கூர் (Chur) நகரத்திலிருந்து ஜூலியர் கணவாய், ஸில்ஸ் ஏரி, மலோயா, கியாவென்னா, கோமோ ஏரிக்கரை. முழு நாள் வேண்டும். அழகில் இதுதான் முதலிடம் என்று அடித்துச் சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அக்டோபர் மூடுபனியில், அதனால் தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டேன். சூரிச் நகரத்தின் மின்சாரத்துக்காக 1954இல் ஒரு கிராமத்தையே மூழ்கடித்த மார்மோரேரா ஏரிக்கரையில் நிறுத்தினேன், தண்ணீரே தெரியவில்லை. ஜூலியர் கணவாயின் 2,284 மீட்டர் உச்சியில் ரோமானியர் விட்டுப்போன தூண் துண்டுகள் இரண்டு. ஒன்றைத் தொட்டுக்கொண்டு நின்றபோது சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மற்றது கண்ணில் படவில்லை.