மாத்திரையா, ஜெல்லா, லூப்பா?

மாதவிடாய் நிற்கும் காலத்து (மெனோபாஸ்) தொல்லைகளுக்கு ஹார்மோன் எடுக்கலாமா என்று நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களின் பேச்சில் வந்தாலே அடுத்து வருவது கேன்சர்தான். இந்தப் பயம் பரவியது 2002-இல். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றை அந்த ஆண்டு பாதியிலேயே நிறுத்தினார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யும் செயற்கை மருந்தான புரொஜெஸ்டினும் கலந்த மாத்திரை சாப்பிட்டவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அவர்களின் சராசரி வயது 63 என்பதும், கொடுத்தது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் என்பதும் அவ்வளவாக வெளியே வரவில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் நடுராத்திரி கழுத்தடி நனைந்து எழுந்து உட்காரும் 47 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

சரி, ஹார்மோன் எடுப்பது என்று முடிவானால் மாத்திரையா ஜெல்லா? மாத்திரை விழுங்குவது சுலபம், பழகிய வழி. ஆனால் வயிற்றுக்குள் போன ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இரத்தம் உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறும் ஆபத்தும் கொஞ்சம் கூடுகிறது. தோல் வழியாகப் போகும் ஜெல்லுக்கு, வழக்கமான அளவில், அந்தச் சிக்கல் இல்லை. உடல் எடை அதிகம், ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் என் ஓட்டு ஜெல்லுக்கே. குளித்துத் துவட்டி, கையிலோ தொடையிலோ தடவி, காயும்வரை புடவையோ நைட்டியோ படாமல் நிற்கவேண்டும். அப்புறம் கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கவேண்டும். காலையில் டிபன் பாக்ஸ் கட்டும் வீட்டில் இது ஒரு தொல்லைதான். தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. நம் ஊர் வியர்வையில் அது எத்தனை நாள் நிற்கும் என்பது சந்தேகம்.

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கவே கூடாது. உள்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு வழிவிடும். கூடவே புரொஜெஸ்டிரோன் வேண்டும். அதை இரவில் மாத்திரையாகப் போட்டால் தூக்கக் கலக்கம் வரும். தூக்கம் கெட்டவர்களுக்கு அதுவே லாபம்.

அதிக உதிரப்போக்குதான் உங்கள் பெரிய பிரச்சினை என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் முந்திவிடுகிறது. காப்பர்-டி மாதிரிதான் இருக்கும்; உள்ளே 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரொஜெஸ்டின். உதிரத்தைக் குறைக்கும், கருத்தடையும் ஆகும். ஜெல்லோடு சேர்த்தால் 5 ஆண்டுகள் உள்சவ்வையும் காக்கும். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் படுவது எரிச்சலாகத்தான் இருக்கும். உடம்பு குப்பென்று சூடேறுவதை லூப் மட்டும் தணிக்காது. “எதுக்கும்மா தொந்தரவு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால், ஸ்கேனும் உள்சவ்வுப் பரிசோதனையும் முடிந்ததா, லூப் வைத்துப் பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், மெல்ல வரவேண்டிய மெனோபாஸ் ஒரே நாளில் வந்து நிற்கும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்த ஹார்மோன் மாத்திரை, ஜெல், லூப் எதுவும் பொதுவாகக் கிடையாது. அவர்களுக்கு வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் சூட்டைக் கணிசமாகக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் மட்டும், இதே சூட்டுக்குக் கொடுக்கும் பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தவிர்க்கவேண்டும். அது டமாக்சிஃபென் வேலை செய்வதைக் கெடுக்கும். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மாத்திரை நேராக மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டிலேயே கை வைக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டே கல்லீரல் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையை அதன் மேல் போட்டுவிட்டார்கள். சோயா? ஆய்வுக்கு ஆய்வு பதில் மாறுகிறது. பிடித்தால் சாப்பிடுங்கள், நம்பி இருக்கவேண்டாம்.

இந்த வரிசையில் யாரும் பேசாத ஒன்று, பெண்ணுறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம். வறட்சி, எரிச்சல், அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு மட்டும்தான் தொல்லை என்றால் இதுவே போதும். இரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்வதால் புரொஜெஸ்டிரோன் துணைகூட வேண்டியதில்லை. டாக்டரிடம் “வேற ஒண்ணும் இல்ல மேடம்” என்று எழுந்துவிடுவதற்கு முன் இதையும் கேட்டுவிடுங்கள்.