ஏழு வருட பஸ் பயணம்: காத்திருந்ததும் கேட்டு வாங்கியதும்

பைக்கை விட்டுவிட்டு வேலைக்கு பஸ்ஸில் போகத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. அதில் ஐந்து வருடமாக, எங்கள் தடத்தில் பஸ் ஒழுங்காக ஓட வேண்டும் என்று கேட்கும் சின்னக் குழு ஒன்றிலும் இருக்கிறேன். பஸ்ஸுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கும், மாறிப் பார்த்து வெறுத்துப்போனவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

உலகில் எரிபொருளை எரிப்பதால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு போக்குவரத்தால் வருவது. அதிலும் பெரும்பகுதி சாலை வாகனங்களுடையது. என் அன்றாட வாழ்க்கையில் நான் குறைக்கக்கூடியது எது என்று பார்த்தபோது வேலைக்குப் போய்வரும் பயணம்தான் முதலில் கண்ணில் பட்டது. அதனால் மாறினேன். ஆனால் அந்த உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. மழையில் நாற்பது நிமிடம் நின்ற ஒரு நாள் மறுபடி பைக்கை எடுத்துவிட்டேன். திரும்ப பஸ் ஏற இரண்டு வாரம் ஆனது.

பஸ்ஸுக்குள் இருக்கும் நேரம் எனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. நிறுத்தத்தில் நிற்பதுதான் ஆளைத் தின்கிறது. கணக்கு எளிது. 30 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாக 15 நிமிடம் நிற்பார். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 5 நிமிடம். என்னைப் போல வழியில் ஒரு பஸ் மாறிப் போகிறவர், போக இரண்டு, வர இரண்டு என்று நாளைக்கு நான்கு முறை காத்திருக்கிறார். முதல் கணக்கில் ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டாவதில் 20 நிமிடம். ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் 1972இலேயே இதன் மறுபக்கத்தை எழுதியிருக்கிறார்: ஆட்கள் கூடி அதற்கேற்ப பஸ்ஸும் கூடும்போது, ஏற்கெனவே பயணிப்பவர்களின் காத்திருப்பும் குறைகிறது. சாலையில் கார் கூடினால் நடப்பது இதற்கு நேர் எதிர்.

குழுவின் முதல் வருடத்தில் எழுதிய மனுக்களையெல்லாம் இப்போது படித்தால் ஒன்று தெரிகிறது. ‘பருவநிலையைக் காக்கப் பொதுப் போக்குவரத்தை மேம்படுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறோம். அதை வாங்கிவைத்துக்கொள்ளும் அதிகாரி மறுநாள் காலையில் எதை மாற்றுவார்?

பிறகுதான் நோட்டை எடுத்தோம். ஐந்து பேர், நான்கு வாரம், காலை 7.30 முதல் 9.30 வரை. கோடு போட்ட சாதாரண நோட்டு, மூன்று கட்டம். பஸ் வந்த நேரம், நின்றதா, ஏற முடியாமல் எத்தனை பேர் மிச்சம். அட்டவணைப்படி 15 நிமிடத்துக்கு ஒரு பஸ். நோட்டில் இருந்ததோ 8.05, 8.07, அப்புறம் 8.41. வண்டி குறைவு என்று நினைத்திருந்தோம். வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. தாமதமான பஸ்ஸுக்காக அதிகம் பேர் நிற்பார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் அது இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை வைத்தோம்: புறப்படும் இடத்தில் இடைவெளி பார்த்து வண்டியை விடுங்கள். அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு, “இந்த 8.41 என்ன கிழமை?” என்று கேட்டார். எங்களிடம் யாரோ கேட்ட முதல் கேள்வி அது. ஐந்து மாதத்தில் இடைவெளி ஓரளவு சீரானது. பஸ்ஸுக்குத் தனித்தடம் கேட்டதற்கு மூன்று வருடம் ஆகி, ஒரு சந்திப்பில் மட்டும் கிடைத்தது. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வாசலில் வண்டி நிறுத்த இடம் போய்விடுமே என்ற அவர்களின் பயம் நியாயமானது. ஆரம்பத்திலேயே அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசாதது எங்கள் தவறு. பிரேசிலின் குரிடிபாவில் 1974இலேயே பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டுவிட்டார்கள் என்பதை அந்த மூன்று வருடத்தில் பலமுறை சொல்லியிருப்பேன்.

கட்டணத்தையே நீக்கச் சொல்லலாம் என்று குழுவில் ஒரு வாதம் உண்டு. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013இல் தன் குடியிருப்பாளர்களுக்குக் கட்டணத்தை நீக்கியது, லக்சம்பர்க் 2020இல் நாடு முழுவதும் நீக்கியது. கையில் காசு இல்லாதவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் தாலினில் நடந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் பலர் பஸ் ஏறினார்களே தவிர, கார்கள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. காரில் போகிறவரை இறக்கிக் கூட்டிவர அடிக்கடி பஸ் வேண்டும். என் ஓட்டு முதலில் அதற்குத்தான்.

மின்சார பஸ்ஸைப் பற்றியும் கேட்பார்கள். சீனாவின் ஷென்ஜென் 2017 முடிவுக்குள் 16,000க்கும் மேற்பட்ட பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. எங்கள் தடத்திலும் சில வந்திருக்கின்றன. அதிர்வில்லை, நிறுத்தத்தில் புகை நாற்றமில்லை. ஆனாலும் ஐந்து பேரோடு ஓடும் மின்சார பஸ்ஸைவிட, ஐம்பது பேர் காரை வீட்டில் வைத்துவிட்டு ஏறிவரும் டீசல் பஸ்ஸையே நான் கேட்பேன். புதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தாழ்தளம். எங்கள் நிறுத்தத்தில் ஏறும் ஒரு பாட்டி, பழைய வண்டியில் முதலில் பையைப் படியில் வைப்பார், கம்பியைப் பிடிப்பார், ஒரு முட்டியைப் படியில் ஊன்றித்தான் மேலே வருவார். இப்போது நடந்தே உள்ளே போகிறார்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. இரவு ஒன்பதுக்கு மேல் நம்பி நிற்க முடியாது, வாரத்தில் ஒரு நாளாவது பைக்கை எடுக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மிக மோசம். அன்றும் வேலைக்குப் போகிறவர்கள் யார் என்று நிறுத்தத்தில் நின்று பார்த்தாலே தெரியும்: மருத்துவமனை ஊழியர்கள், காவலாளிகள், வீட்டு வேலை செய்பவர்கள். இரண்டாவது நோட்டு அவர்களுக்காகத் தொடங்கியிருக்கிறோம். போன ஞாயிறு 11.20க்கும் 12.25க்கும் நடுவே ஒரு பஸ்கூட வரவில்லை. நிழலில்லாத நிறுத்தத்தில் பதினான்கு பேர் நின்றார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன்.