பேங்குக்கு ஒரு பிளான், முதலீட்டாளருக்கு ஒரு பிளான், அம்பத்தூர் ஓனருக்கு ஒரு கொட்டேஷன்

ஸ்டார்ட்அப் தொடங்கப்போகிறேன் என்று சொன்னாலே போதும், யாராவது ஒருவர் "பிசினஸ் பிளான் எழுதியாச்சா?" என்று கேட்டுவிடுவார். உடனே ஒரு டெம்ப்ளேட்டை இறக்கி வைத்துக்கொண்டு நாற்பது பக்கத்தை நிரப்ப உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த நாற்பது பக்கத்தை யார் படிக்கப்போகிறார் என்று மட்டும் யோசிப்பதில்லை. படிப்பவர் பேங்க் மேனேஜரா, முதலீட்டாளரா, காசு கொடுத்து வாங்கப்போகிறவரா என்பதைப் பொறுத்து ஒரே தொழிலுக்கு மூன்று வேறு வேறு திட்டம் வரும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சென்னை ஓஎம்ஆரில் சில வருடம் ஐடி வேலை பார்த்த இரண்டு பேர், அதே ஊரில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் சின்ன மெஷினிங் யூனிட்டுகளுக்கு ஓர் ஆப் செய்யப்போகிறார்கள். அங்கே லேத்திலும், கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினிலும் கடைந்த உலோகப் பீஸ் அதே இடத்தில் முடிந்துவிடாது. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு ஓர் இடம், கிரைண்டிங்குக்கு ஓர் இடம், பிளேட்டிங்குக்கு இன்னோர் இடம் என்று டாடா ஏஸ் மினி லாரியில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வரும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டெலிவரி சலான், அதாவது சரக்கோடு போகும் சீட்டு. 500 பீஸ் போய் 480 திரும்பி வந்தால் மீதி 20 எங்கே என்று கண்டுபிடிக்க ஓனர் நாலு பேருக்கு போன் போட வேண்டும். இவர்கள் செய்யும் ஆப், சலானைப் போட்டோ எடுத்துப் போட்டால் எந்த பீஸ் யாரிடம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று காட்டும். மாதம் 2,000 ரூபாய். இதுதான் தொழில்.

முதலில் பேங்க். இங்கே திட்டம் என்றால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். ஆடிட்டர் பேங்க் கேட்கும் வடிவத்தில் சிஎம்ஏ டேட்டா என்ற கணக்கு போட்டுக் கொடுப்பார்: ஐந்து வருட லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கடனை அடைக்கும் அளவுக்கு வரவு இருக்கிறதா என்று காட்டும் டிஎஸ்சிஆர் என்ற விகிதம். நீங்கள் பத்து மடங்கு வளர்ந்தாலும் பேங்குக்கு வட்டிக்கு மேல் ஒரு ரூபாய் வரப்போவதில்லை, அதனால் வளர்ச்சிக் கதையில் மேனேஜருக்கு அக்கறை கிடையாது. தவணை ஒழுங்காக வருமா, வராவிட்டால் எதைப் பிடிப்பது, அவ்வளவுதான் அவர் கேள்வி. சிஎன்சி மெஷின் வாங்கக் கடன் கேட்டால் அந்த மெஷினையே ஹைப்பாதிகேஷனில் வைத்துக்கொள்வார்கள், அதாவது மெஷின் உங்களிடமே ஓடும், அடமானம் பேங்க் பெயரில். நம் ஆட்களிடம் இருப்பது இரண்டு லேப்டாப். அடமானம் இல்லாத கடனுக்கு சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசு அறக்கட்டளையின் உத்தரவாதம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அது பேங்கின் நஷ்டத்தைக் குறைக்கத்தான். மாதத் தவணை உங்கள் தலையில்தான் இருக்கும்.

தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு, 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான ப்ராஜெக்ட்டுக்கு 25 சதவீதம் மானியம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகை. பொருள் தயாரிக்கிறவர்களுக்கு நல்ல திட்டம். மானியம் வருகிறதே என்று தேவைக்கு மேல் பெரிய மெஷினாக எழுதுகிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். நம் ஆப் ஆட்களுக்கு இப்போதைக்கு பேங்க் வேண்டாம். மாத வரவு நிலைத்த பிறகு வேண்டுமானால் ஓவர்டிராஃப்ட் கேட்டுப் போகலாம்.

அடுத்து முதலீட்டாளர். இங்கே பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு போதும், ஆனால் கணக்கு தலைகீழ். அம்பத்தூரில் ஆயிரம் யூனிட்டைப் பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவே பல வருட உழைப்பு. மாதம் 20 லட்சம், வருடத்துக்கு 2.4 கோடி. இரண்டு பேர் ஆரம்பித்த கம்பெனிக்கு இது அருமையான வருமானம், வீட்டில் பொண்ணு பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். முதலீட்டாளருக்கு இதே எண் கொட்டாவி வரவைக்கும். அவர் 50 லட்சம் போட்டு, போட்ட பிறகு கம்பெனி மதிப்பு 5 கோடி என்று பேசி 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறார் என்றால், அந்தப் பங்கு அவருக்கு 5 கோடியாகத் திரும்பி வரவே கம்பெனி 50 கோடிக்குப் போக வேண்டும். நடுவில் புது ஆட்கள் பணம் போட்டு அவர் பங்கு சுருங்கினால் அதற்கும் மேலே. அவர் பணம் போட்ட கம்பெனிகளில் பல மூழ்கிவிடும், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுதான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈட்டித் தர வேண்டும், ஃபண்டுக்கும் பெரும்பாலும் பத்து வருடம் போலத்தான் ஆயுள். இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவர் தொழில் அப்படி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஸ்லைடு எழுதும்போதே தொழில் மாறிவிடுகிறது. அம்பத்தூர் மட்டும் என்றால் எடுபடாது என்று கோயம்புத்தூர், புனே, ராஜ்கோட் சேரும். அப்புறம் மாதம் 2,000 போதாது என்று, யூனிட்டுகளுக்குக் கடன் ஏற்பாடு செய்து கமிஷன் எடுப்போம் என்று ஒரு ஸ்லைடு வரும். பணம் கைக்கு வந்த பிறகு அந்த ஸ்லைடில் இருப்பதைச் செய்துதான் ஆக வேண்டும், நாலு ஊரில் சேல்ஸ் ஆள் எடுத்தாக வேண்டும், அம்பத்தூரிலேயே பிளேட்டிங் கடைக்காரர் இன்னும் ஆப்பைத் தொட்டிருக்க மாட்டார்.

சென்னையில் வெளி முதலீடு வாங்கலாமா என்று பேச்சு எடுத்தாலே, சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஜோஹோவா ஃப்ரெஷ்வொர்க்ஸா என்று ரஜினி கமல் சண்டை மாதிரி ஆகிவிடும். ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது, இன்றுவரை வெளி முதலீடு வாங்கவில்லை. 2001 வாக்கில் டெலிகாம் துறை சரிந்து வாடிக்கையாளர்கள் குறைந்தபோது மேனேஜ்எஞ்சின் என்ற ஐடி நிர்வாக சாஃப்ட்வேர், அப்புறம் ஜோஹோ ஆப்கள் என்று பக்கம் திரும்பியது. வெளிப் பணம் உள்ளே இல்லாததால்தான் அப்படி நிதானமாகத் திரும்ப முடிந்தது என்பது என் கணிப்பு. ஃப்ரெஷ்வொர்க்ஸ் அதே ஜோஹோவில் இருந்து வெளியே வந்த கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க் என்று தொடங்கியது. 2011இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் வாங்கி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. இரண்டில் எது சரி என்று கேட்பதே வீண். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க ஃப்ரெஷ்டெஸ்க் விற்ற ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேரை உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவரும் வெப்சைட்டில் பார்த்து கார்டு தேய்த்து வாங்கிவிடலாம், வேகமாகப் பணம் போட்டால் வேகமாக வளரும் பொருள் அது. சலான் ஆப்பை விற்க ஒருத்தர் பைக்கில் போய், ஓனர் டீ வாங்கிக் கொடுக்கும்வரை காத்திருந்து, சூப்பர்வைசருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த டீயின் நேரம் குறையாது.

நடுவில் ஒன்று: தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் ஆதாரநிதி 10 லட்சம் வரை, பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் போன்ற சில வகைகளுக்கு 15 லட்சம், பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. நாலு ஊர் கதை சொல்லாமல் கிடைக்கக்கூடிய பணம் என்பதால் இவர்களுக்கு இது பொருந்தும்.

மூன்றாவது, கொட்டேஷன். இதை யாரும் திட்டம் என்று மதிப்பதில்லை, எனக்கோ மூன்றில் இதுதான் முதலில் எழுத வேண்டியது. ஒரே பக்கம். என்ன தருகிறோம், என்ன தரமாட்டோம், எத்தனை நாளில், என்ன விலை, எவ்வளவு முன்பணம். இந்த ஐந்தையும் எழுத முடியவில்லை என்றால் தொழில் என்னவென்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம், நாற்பது பக்கத்தில் அதை மறைத்துவிடலாம், ஒரு பக்கத்தில் முடியாது.

எடுத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும்? "தம்பி, ஆப் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், என் பீஸ் எங்க இருக்குன்னு இன்னைக்கு சொல்ல முடியுமா?" என்பார் ஓனர். போட்டோ எடுக்கப்போவது சூப்பர்வைசர் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், அவர் கையெல்லாம் கூலன்ட், போனைத் தொடமாட்டார். சலானைக் கையில் வைத்திருப்பது டாடா ஏஸ் டிரைவர். அவர் போனில் புது ஆப் இறக்க இடம் இருக்காது, வாட்ஸ்அப் இருக்கும். அப்போது வாட்ஸ்அப்பிலேயே போட்டோ வாங்கிக்கொள்ளும்படி மாற்ற வேண்டும். எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் இந்த டிரைவர் வரமாட்டார்.

பணக் கணக்கும் இங்கே பிடிபடும். பன்னிரண்டு யூனிட், மூன்று மாதம் முன்பணம் 6,000 வீதம் என்றால் கையில் 72,000. பெரிய தொகை இல்லை, ஆனால் வட்டியும் இல்லை பங்கும் போகவில்லை. முன்பணம் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம், அந்த ஓனருக்கே பெரிய கம்பெனியிடமிருந்து பணம் வர மூன்று மாதம் ஆகும், கடனுக்குக் கொடுத்தால் அந்த வரிசையில் நீங்கள் கடைசி ஆள். சேவைத் தொழிலுக்கு வருட விற்றுமுதல் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்த பிறகு, பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான 18 சதவீதத்தை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்து எண்ணைக் கொட்டேஷனிலேயே போட்டுவிடுங்கள். சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தராவிட்டால், கொடுக்கும் வருடம் வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஓனருக்குத் தெரியாவிட்டாலும் அவருடைய ஆடிட்டருக்குத் தெரியும்.

கொட்டேஷன் வழியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒரு ஓனர் "இதிலேயே சம்பளக் கணக்கும் போட்டுக் கொடுங்க, எக்ஸ்ட்ரா தர்றேன்" என்பார், இன்னொருவர் ஸ்டாக் கணக்கு கேட்பார், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு சாஃப்ட்வேர், சொந்தமாக ஒன்றும் இருக்காது. "என்ன தரமாட்டோம்" என்ற வரி அதற்குத்தான். மூன்று பேர் ஒரே விஷயத்தைக் கேட்டால் செய்யலாம், ஒருவர் மட்டும் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

இருபது இடத்தில் கொடுத்தும் யாரும் முன்பணம் தரவில்லை என்றால் உடனே விலையைக் குறைக்காதீர்கள். மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைத்து, பிளேட்டிங்குக்குப் போன பீஸ் மட்டும் என்று வேலையையும் சுருக்கி இன்னொரு முறை போங்கள். அதற்கும் 2,000 ரூபாய் எடுத்து வைக்க ஆளில்லை என்றால், அந்த 20 பீஸ் தொலைவது அவர்களுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. வேறு எது வலிக்கிறது என்று அங்கேயே கேட்டுவிட்டு வரலாம், டீ வாங்கிக் கொடுக்கத்தான் போகிறார்கள்.