இறக்கை மறைக்கும் இரைச்சல்: எந்தக் கணக்கை நம்பலாம்?

மலேசியாவின் பந்திங்கில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் திருவிழா நெருங்கினால், பையன்கள் உர ஸ்டோருக்குப் பின்னால் உறுமி மேளம் பழகுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேளுங்கள். ஜால்ரா அமுங்கிப்போகும், உறுமியின் முனகல் மட்டும் வளைந்து வந்து நெஞ்சில் மோதும்.

விமான எஞ்சினை இறக்கைக்கு மேலே வைப்பதும் இப்படிச் சுவர் எழுப்புவதுதான். 1971-ல் பறந்த விஎஃப்டபிள்யூ 614, இன்றைய ஹோண்டாஜெட் இரண்டிலும் எஞ்சின் மேலேதான். கீழே இருப்பவருக்கு இரைச்சல் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே கணிக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஜப்பானியர் மேகாவா 1968-ல் தந்த தடுப்புச்சுவர்க் கணக்கு. விளிம்பைச் சுற்றிவர ஒலி எவ்வளவு கூடுதல் தூரம் போகிறது என்பதை வைத்துப் போடுவது. கூடுதல் தூரம் அரை மீட்டர் என்றால் 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியில் ஏறக்குறைய 9.5 டெசிபல் குறையும், 2000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலியில் 21. ஐந்து நிமிட வேலை. எஞ்சினை எங்கே வைக்கலாம் என்று முதலில் பார்க்க இது போதும்.

இரண்டாவது, ஒலியைக் கதிராகப் பாவித்து விளிம்பில் வளைப்பது. கீச்சொலிக்கு அருமை. ஆனால் 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 மீட்டர், சின்ன ஜெட்டின் இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான அகலத்தைவிட அதிகம். அங்கே கதிர் என்ற பேச்சே பொருந்தாது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது, எல்லைக்கூறு முறை. விமானத்தின் மேற்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் ஒலியலைச் சமன்பாட்டைத் தீர்ப்பது. ஓர் அலைநீளத்துக்கு ஆறு கட்டம் என்றால், 300 சதுர மீட்டர் பரப்புக்கு 100 ஹெர்ட்ஸில் சுமார் 930 கட்டம் போதும். 2000 ஹெர்ட்ஸிலோ 370,000-ஐத் தாண்டும். நேரடியாகத் தீர்த்தால் கணினி நினைவகம் 2 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். அதனால் தாழ்ந்த ஒலிக்கு இதையும் உயர்ந்த ஒலிக்குக் கதிரையும் சேர்த்துப் பிடிப்பதே சரி. வீட்டுச் சுவரையும் ஊடுருவி வந்து பிள்ளைகளை எழுப்புவது அந்தத் தாழ்ந்த ஒலிதானே!

ஒன்றை விட்டுவிடக்கூடாது. விசிறியின் ஒலி எஞ்சினுக்குள்ளேயே பிறக்கிறது, அதை இறக்கை மறைக்கும். எஞ்சினிலிருந்து பீறிடும் காற்றின் இரைச்சலோ அதற்குப் பின்னால் வெகுதூரம் நீண்டு, இறக்கை விளிம்பையும் தாண்டிப் பிறக்கும். அதை ஒற்றைப் புள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டால் எந்த முறையும் ஏமாற்றும்.

இன்னொன்று, சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கும் விமானம் சக்கரத்தை இறக்கியதும் வரும் சீறல். அது இறக்கைக்கு அடியிலேயே பிறக்கிறது. எஞ்சினை எவ்வளவு மேலே ஏற்றினாலும் அந்தச் சீறலில் ஒரு டெசிபல்கூடக் குறையாது.