"போயிட்டு வாறன்": ஃபேன்சப்பா, காசு கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங்கா?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் ஏ.எல். படிக்கும் தம்பிமார் மூன்று பேர் இருக்கிறார்கள். என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணா, டெலிகிராம்ல தமிழ் சப்போட சும்மா கிடைக்கிற அனிமேய ஏன் காசு குடுத்துப் பாக்கணும்?" அனிமே என்பது ஜப்பானிய அனிமேஷன். சப் என்பது பேச்சைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டுவது. அதை ரசிகர்களே போட்டால் ஃபேன்சப்.

நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். பள்ளிக்கூட நாட்களில் பென்டிரைவில் ஏற்றித்தான் பார்த்தேன். 2021 இல் கொரோனா முடக்கத்தின்போது ஒரு தொடரின் எட்டு எபிசோடுக்கு நானே தமிழ் சப் போட்டேன். இப்போது மாதாமாதம் காசு கட்டிப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் தரம், வரும் வேகம், பாதுகாப்பு, வரைந்தவனுக்குப் போய்ச் சேரும் காசு ஆகிய நான்கிலும் சட்டபூர்வமான தளங்கள்தான் முன்னால் நிற்கின்றன. தமிழ் என்று வரும்போது மட்டும் பின்னால் நிற்கின்றன. அந்த ஒன்று எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

சீடி கடைக் காலம்

எங்களுக்கு அனிமே வந்தது ரவுணில் இருந்த ஒரு சீடி கடை வழியாகத்தான். பென்டிரைவைக் கொடுத்துவிட்டு ரியூஷனுக்குப் போனால், திரும்பி வரும்போது ஒரு சீசன் முழுக்க ஏறியிருக்கும். எல்லாம் ரசிகர்கள் போட்ட ஆங்கில சப். பல எபிசோடுகளின் தொடக்கத்தில் ஒரு வரி ஓடும்: ரசிகர்கள் ரசிகர்களுக்காகச் செய்தது, விற்பனைக்கு அல்ல. அந்த வரியை வாசித்துக்கொண்டே, கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கிய எபிசோடைப் பார்த்தோம். யாரோ ஒருவர் நித்திரை முழித்துச் சும்மா செய்து கொடுத்ததை இன்னொருவர் விற்றுக்கொண்டிருந்தார். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நானே சப் போட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

ஃபேன்சப் 1980களின் கடைசியில் அமெரிக்காவில் வேரூன்றிய பழக்கம். ஜப்பானிலிருந்து வந்த வீடியோ கசெட்டின் மேல், அமிகா கணினியையும் ஜென்லாக் என்ற கருவியையும் வைத்து எழுத்தைப் பதித்து, கசெட்டிலிருந்து கசெட்டுக்குப் பிரதி எடுத்து அஞ்சலில் அனுப்பினார்கள். 2000க்குப் பிறகு இணையமும், ஆளுக்காள் ஃபைலைப் பகிரும் டொரண்டும் வந்தன. நல்ல குழு என்றால் மொழிபெயர்ப்பவர் ஒருவர், நேரம் பொருத்துபவர் ஒருவர், கடைப் பலகை, கடிதம் போன்றவற்றின் எழுத்தைப் படத்தோடு ஒட்டவைக்கும் டைப்செட்டர் ஒருவர், பிழை பார்ப்பவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும்.

இன்று சட்டபூர்வத் தளங்களில் பெரியதான க்ரஞ்சிரோலே 2006 இல் தொடங்கியபோது, ரசிகர்கள் ஏற்றிய ஃபேன்சப் வீடியோக்களை வைத்திருந்த தளம்தான். 2009 ஜனவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனமான டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் செய்து, உரிமம் இல்லாததை எல்லாம் எடுத்துவிட்டு, ஜப்பானில் ஒளிபரப்பான கையோடு சப் போட்டுத் தரும் வழிக்கு மாறியது. 2021 இல் சோனி அதை 117.5 கோடி டொலருக்கு வாங்கியது. பிந்திய காலத்தில் ஃபேன்சப் என்ற பெயரில் நமக்கு வந்ததில் பெரும்பகுதி ரசிகர்கள் எழுதியதே இல்லை, க்ரஞ்சிரோலின் சப்பை அப்படியே உருவி ஏற்றியது. அப்படி ஏற்றியவர்களில் பேர்போன ஹொரிபிள்சப்ஸ் 2020 ஓகஸ்டில் கடையைச் சாத்தியது. "தளங்களை விட ஃபேன்சப் நல்லம்" என்று சொல்பவர்கள் பாதி நேரம் தளத்தின் சப்பைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

கரண்டும் டேட்டாவும் கார்டும்

இதில் இறக்கிய ஃபைலுக்கு ஒரு காலம் நியாயம் இருந்தது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், லாப்டொப்பில் சார்ஜ் இருக்கும் வரைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததைத்தான் பார்க்க முடிந்தது. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவில் இறக்கி வைத்து அடுத்த நாள் பார்ப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. 24 நிமிட எபிசோடைச் சுருக்கிய ஃபைலாக இறக்கினால் 150 எம்.பி. சொச்சத்தில் முடியும். அதையே முழுத் தரத்தில் ஓடவிட்டால் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும்.

ஆனால் அந்த நியாயம் இப்போது மெலிந்துவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் 2016 இல் இலங்கைக்கு வந்தது. அதன் செயலியில் எபிசோடை இறக்கி வைத்துப் பார்க்கலாம். க்ரஞ்சிரோலிலும் கூடிய கட்டணத் திட்டத்தில் அந்த வசதி உண்டு. தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டாவும் தாக்குப்பிடிக்கும். இரவு டேட்டாவை அதற்கே பயன்படுத்துங்கள்.

கார்ட் இல்லாத பொடியன்களுக்கு யூடியூப் இருக்கிறது. தைவானின் மியூஸ் நிறுவனம் நடத்தும் மியூஸ் ஏசியா, ஹொங்கொங்கின் மீடியாலிங்க் நடத்தும் அனி-வன் ஏசியா இரண்டும் உரிமம் வாங்கி நம் பிராந்தியத்துக்குத் தரும் சனல்கள். கார்ட்டும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். விளம்பரம் ஓடும், அந்தக் காசில் ஒரு பங்கு உரிமம் வைத்திருப்பவருக்குப் போகும். குறை என்னவென்றால் சில தொடர்கள் கொஞ்சக் காலத்துக்குத்தான் இருக்கும், சில நம் நாட்டுக்குத் திறக்காது. அதனால் ஒரு தொடர் அங்கே இருக்கும்போதே பார்த்து முடிப்பது நல்லது. இதைத் தம்பிமாருக்குச் சொன்னபோது மூன்று பேரில் ஒருவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. யூடியூபில் இலவசமாக, தெளிவாக இருந்த தொடரையே மங்கலான பிரதியாக டெலிகிராமில் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

திருட்டுத் தளங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருநாள் அப்படியொரு தளத்தில் 'ப்ளே' என்று அமத்தினேன். வேறு பக்கம் திறந்தது, மூடினேன், மறுபடி திறந்தது. பின்னேரம் பார்த்தால், கேட்காத ஏதோ சேவையில் என் நம்பர் பதிவாகி, காலையில் போட்ட 200 ரூபா ரீலோட் கரைந்திருந்தது. அம்மாவின் போனில் செய்திருந்தால் அவருக்கு விளங்கியே இருக்காது.

அம்மம்மா பிடித்த பிழை

இனி மொழிக்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது இதுதான்.

ஒரு எபிசோடில் முந்நூறு, நானூறு வரிகள் வரும். ஏஜிசப் மென்பொருளில் ஒலி அலையைப் பார்த்து, ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு இழுத்து, தமிழை எழுதி முடிக்க எனக்கு ஆறு ஏழு மணித்தியாலம் எடுத்தது. எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. தமிழில் ஃபேன்சப் போடும் பெரும்பாலானவர்களைப் போல நானும் ஆங்கில சப்பை வைத்துத்தான் எழுதினேன்.

முதல் எபிசோட் முடிந்ததும் அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் நன்றாக வாசிப்பார். ஒரு காட்சியில் பொடியன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று தாயைப் பார்த்து ஏதோ சொல்கிறான். ஆங்கில சப்பில் இருந்ததைப் பார்த்து நான் "நான் போறன்" என்று போட்டிருந்தேன். அம்மம்மா முகத்தைச் சுளித்தார். "வீட்டை விட்டு வெளிக்கிடக்குள்ள போறன் எண்டு சொல்ற பழக்கம் எங்க இருக்கு மனே? போயிட்டு வாறன் எண்டு சொல்லத் தெரியாதா அந்தப் பொடியனுக்கு?"

பொடியன் சொன்னது "இத்தெகிமாஸ்". அன்று இரவு தேடிப் பார்த்தேன். அந்தச் சொல்லைப் பிரித்தால் போய், வருகிறேன் என்றுதான் வருகிறது. தாய் சொல்லும் மறுமொழி "இத்தெராஷாய்", அதாவது போயிட்டு வா. வாசலில் நின்று நாம் சொல்வதை அச்சொட்டாக அவர்களும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தைத் தொட்டு வந்ததால் அந்த 'வாறன்' நடுவழியில் விழுந்துவிட்டது. அதைத் திருத்தி ஓடவிட்டபோது அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட இடங்கள் நிறையக் கண்ணில் பட்டன. ஜப்பான் மொழியிலும் தமிழைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். நம்புகிறேனா இல்லையா என்பது வாயிலிருந்து கடைசியாக விழும் சொல்லில்தான் தெரியும். ஆங்கில சப்பில் அந்த 'இல்லை' முன்னாலேயே வந்துவிடும், பேசுபவரின் முகம் மாறுவதற்கு முன்னாலேயே நமக்கு விஷயம் தெரிந்துவிடும். நல்ல தமிழ் சப்பில் சொல்லும் முகமும் ஒரே நொடியில் சேர்ந்து விழும். மரியாதையும் அப்படித்தான். நீ, நீங்கள், டேய் என்று நமக்கு இருக்கும் படிகள் அவர்களுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்.

சிக்கலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவரை அவர்கள் "சென்பாய்" என்பார்கள். நம் பள்ளிக்கூடங்களில் அண்ணா, அக்கா என்போம். அதனால் அண்ணா என்றே போட்டேன். ஐந்தாம் எபிசோடில் ஒரு பிள்ளை தன் சென்பாயிடம் விருப்பம் சொல்கிறாள். "அண்ணா" என்ற சொல்லோடு அந்தக் காட்சி நிற்காது. முதல் நான்கு எபிசோடுக்கும் திரும்பிப் போய் "சென்பாய்" என்றே மாற்றினேன்.

சட்டபூர்வத் தளங்கள் தமிழைத் தொடாமல் இல்லை. 'சோலோ லெவலிங்', 'ஜுஜுட்சு கைசென்' போன்றவற்றுக்கு க்ரஞ்சிரோல் தமிழ் டப் செய்திருக்கிறது. 2025 இல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் ஓடியது. எல்லாம் இந்தியச் சந்தையை நினைத்துச் செய்தவை, பேச்சும் தமிழ்நாட்டுப் பேச்சு. அது எனக்குக் குறை இல்லை, தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பேச்சு அந்நியம் இல்லை. என் குறை வேறு. டப் கிடைக்கும் தொடர்கள் பெரும்பாலும் அடிதடித் தொடர்கள். வீடு, சாப்பாடு, பள்ளிக்கூடம் என்று அமைதியாகப் போகும் தொடர்களுக்குத் தமிழ் மிக அரிது. மூலக் குரலோடு தமிழ் எழுத்தில் வாசித்துப் பார்க்க விரும்புபவருக்கு இன்னும் அரிது. காசு கட்டுவதற்கு முன்னால் நீங்கள் பார்க்கப்போகும் தொடரில் தமிழ் காட்டுகிறதா என்று பாருங்கள், உரிமம் நாட்டுக்கு நாடு மாறும்.

அதே நேரம் டெலிகிராமில் இப்போது சுற்றும் தமிழ் சப் எல்லாம் உழைத்துச் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். பல, ஆங்கில சப்பை மெஷினில் போட்டு எடுத்தவை. ஒரு போர்க் காட்சியில் தளபதி கையை வீசிக் கத்துகிறான், கீழே "தீ!" என்று எழுத்து வருகிறது. அவன் ஜப்பான் மொழியில் சொன்னது "உத்தே", சுடுங்கள் என்று அர்த்தம். நெருப்பு அங்கே எங்கும் இல்லை, அது சுடு, தீ இரண்டுக்கும் பொதுவான "ஃபயர்" என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. தளங்களும் இதில் சுத்தம் இல்லை. 2025 ஜூலையில் க்ரஞ்சிரோலின் ஒரு தொடரில், ஜெர்மன் சப்பில் "சாட்ஜிபிடி சொன்னது" என்ற வரியே அப்படியே ஓடியது. வெளியில் கொடுத்த வேலையில் நடந்த தவறு என்று நிறுவனம் சொன்னது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் இடத்தில் அப்படி நடப்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காசு எங்கே போகிறது

ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் கணக்கில், 2023 இல் அனிமேச் சந்தை ஏறத்தாழ 3.34 இலட்சம் கோடி யென். அதில் 1.72 இலட்சம் கோடி வெளிநாடுகளிலிருந்து வந்தது, உள்நாட்டை விடக் கூட. அப்படியிருந்தும் படத்தை வரையும் இளம் கலைஞர்களின் சம்பளம் குறைவு என்பது அங்கே பழைய முறைப்பாடு, ஏனென்றால் இலாபத்தில் பெரும்பங்கு தயாரிப்புக் குழுவில் முதல் போட்டவர்களுக்குப் போகிறது. என் மாதக் கட்டணம் நேரே வரைந்தவன் கைக்குப் போகிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த சீசன் எடுக்கலாமா என்று யோசிக்கும் மேசையில் இலங்கை ஒரு எண்ணாகவாவது இருக்கும். டெலிகிராமில் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் அந்த மேசையில் நாம் பூச்சியம். தமிழ் சப் வேண்டும் என்று கேட்கவும் அந்த எண் தேவை.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையும் அதன் உரிமையாளருக்கே உரியது. நான் போட்ட சப்பும் அதற்கு விலக்கு இல்லை. அதைத் தெரிந்த பிறகு எட்டாவது எபிசோடோடு நிறுத்தினேன், ஏற்றியவற்றையும் எடுத்துவிட்டேன்.

தம்பிமாருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் அந்த இரண்டு யூடியூப் சனலிலும் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால், உழைக்கத் தொடங்கியதும் ஒரு தளத்துக்கு மட்டும் காசு கட்டுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம். கட்டினால் அதன் உதவிப் பக்கத்தில் போய்த் தமிழ் சப் வேண்டும் என்று தொடரின் பெயரைப் போட்டு எழுதுங்கள். நான் மூன்று தொடர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

பாதியில் விட்ட அந்தத் தொடர் இப்போது நான் காசு கட்டும் தளத்தில் முழுதாக இருக்கிறது. படம் கண்ணாடி போல இருக்கிறது. தமிழ் இல்லை. ஞாயிறு பின்னேரங்களில் அம்மம்மாவும் நானும் ஒரு எபிசோட் பார்க்கிறோம். ஆங்கில வரி வர வர நான் வாயால் தமிழில் சொல்கிறேன். அந்தப் பொடியன் சப்பாத்தைப் போடும் காட்சி வந்தால் நான் வாய் திறக்கத் தேவையில்லை. அம்மம்மாவே திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார், "போயிட்டு வா மனே."